தொப்பியும் கேட்க வேண்டும், வலந்தலையும் கேட்க வேண்டும்: இயர்போனில் பேஸை எடைபோடுவது எப்படி?

அக்கா மகன் தினமும் செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் வந்துபோகிறான். ஐந்து வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். அதன் இடப்பக்கம் தொப்பி, ஆழ்ந்து பேசும். வலப்பக்கம் வலந்தலை, கணீரென்று சுருதியோடு பேசும். குருவின் பாடங்கள், பழைய கச்சேரிகள், இளையராஜா என்று எல்லாவற்றையும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மியூசிக் பிளேயர் ஒன்றில் ஏற்றி வைத்திருக்கிறான். போனில் கேட்டால் கை தானாக வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது என்பதால் தனியாக ஒரு பிளேயர். நுணுக்கத்துக்குப் பேர்போன ஒரு இயர்போனை நண்பனிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் கேட்டவன் என்னிடம் சொன்னான்: "மாமா, பாடகர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது. ஆனா தொப்பி கேக்கல. அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி இருக்கு." அடுத்த மாதம் பெட்டியிலேயே 'பேஸ்' (ஆழ்ந்த, தாழ்ந்த ஒலி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினான். நாலு நாளில் மறுபடி போன். "இப்ப தொப்பி கேக்குது மாமா. வலந்தலையைத்தான் காணோம்."

நுணுக்கமான இயர்போன் தேடுகிற எவருக்கும் உள்ள சிக்கலை அவன் இந்த இரண்டு பேச்சில் சொல்லிவிட்டான். பேஸ் இல்லாத நுணுக்கம் எலும்புக்கூடு. பேஸ் வழிந்தால் நுணுக்கம் அதில் மூழ்கிவிடுகிறது. இரண்டும் வேண்டுமென்றால் எதை வாங்குவது? அவனுக்காக ஒரு மாதம் ஐந்து இயர்போன்களை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். அதில் தெரிந்துகொண்டதையும், அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், வலந்தலை ஏன் காணாமல் போனது? நம் உட்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. உச்சமான, அதாவது உயர்ந்த சுருதியுள்ள, சத்தங்களை அதன் வாசலருகே உள்ள பகுதி உணர்கிறது. தாழ்ந்த சத்தத்தின் அலையோ வாசலில் நுழைந்து கடைக்கோடி வரை போக வேண்டும். போகிற வழியில் மற்ற சுரங்களுக்கான இடங்களையெல்லாம் அசைத்துக்கொண்டுதான் போகும். அதனால் பலமான தாழ்ந்த சத்தம் தனக்கு மேலே உள்ள சத்தங்களை மறைக்கும். உச்சமான சத்தத்தால் தாழ்ந்ததை அந்த அளவுக்கு மறைக்க முடியாது. கேட்பவன் கவனம் போதவில்லை என்று இதைத் தள்ள முடியாது. காதின் அமைப்பே அப்படி.

அந்த மறைப்பில் அதிகம் கெடுக்கிற பகுதி ஆழத்தில் இல்லை. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்கிற கணக்கு, எண் குறைந்தால் சுரம் தாழும். 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை அடிவயிற்றில் உணர்கிற ஆழ்ந்த பேஸ். 60 முதல் 150 வரை அடியின் கனம். 200, 300 ஹெர்ட்ஸுக்கு வரும்போது பாடகரின் குரலும் வலந்தலையின் நாதமும் வீணையும் குடியிருக்கிற வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம். மலிவான 'பேஸ்' இயர்போன்கள் பெரும்பாலும் இங்கேதான் வீங்கியிருக்கும். ஆழத்தில் 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) கூட்டி 150 ஹெர்ட்ஸுக்குள் அந்த ஏற்றத்தை முடித்துக்கொள்கிற இயர்போன் கனமாகவும் தெளிவாகவும் ஒலிக்கும். அதே 6 டெசிபலை 300 வரை இழுத்துக்கொண்டு வருவது கம்பளி போர்த்திய மாதிரி ஒலிக்கும். ஆகவே ஓர் இயர்போனில் பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட, அது எங்கே முடிகிறது என்று கேட்பதுதான் பயன் தரும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ஐந்து இயர்போன்களையும் பிரித்துப் பார்ப்பது சுலபமாகிவிடுகிறது.

காது அடைபட்டதா என்று முதலில் பாருங்கள்

அவன் இரவல் வாங்கிய அந்த முதல் இயர்போனை நான் வாங்கிக் கேட்டேன். எனக்குத் தொப்பி கேட்டது. அவன் காதில் பார்த்தால், ரப்பர் டிப் பாதிதான் உள்ளே போயிருந்தது. நான் அவன் காதுமடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்து, இயர்போனை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளச் சொன்னேன். "ஐயோ" என்றான். வலியில் இல்லை. கும்மென்று தொப்பி வந்துவிட்டது.

காதுக்குள் வைக்கிற இயர்போன் செவிப்பறைக்கும் தனக்கும் நடுவே சிக்கிய சின்னக் காற்றறையை அழுத்தி விடுவித்துத்தான் பேஸைத் தருகிறது. நூலிழை இடைவெளி இருந்தாலும் அழுத்தம் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். உச்சமான சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. பேஸ் மட்டும் சரிந்துவிடும். 'இந்த இயர்போனில் பேஸே இல்லை' என்கிற தீர்ப்புகளில் பல இப்படி ஒழுகிய காதில் எழுதப்பட்டவை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

சோதிப்பது எளிது. 40 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, இரண்டு இயர்போன்களையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். சத்தம் சட்டென்று கூடினால் அடைப்பு சரியில்லை. பெட்டியில் வருகிற மூன்று அளவு ரப்பரையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஃபோம் டிப் என்றால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்து, அது விரிகிற வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எந்த ஒப்பீட்டையும் தொடங்காதீர்கள். சில டைனமிக் (சின்ன ஸ்பீக்கர் மாதிரிக் காற்றைத் தள்ளுகிற வகை) இயர்போன்களின் உடம்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். காற்றழுத்தத்தை விடுவதற்கும் பேஸின் அளவைக் கட்டுப்படுத்துவதற்கும் போட்டவை. விரலோ தலையணையோ அதை மூடினாலும் பேஸ் மாறும்.

அடுத்தது சத்த அளவு. மெதுவாகக் கேட்கும்போது நம் காது பேஸை இன்னும் குறைவாக உணர்கிறது. 1933-ல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து வளைகோடுகளாக வரைந்தார்கள். இன்றைய ஐஎஸ்ஓ 226 என்கிற சர்வதேசத் தரம் அந்த வரிசையில் வந்ததுதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெல்ல வைத்துக் கேட்கிறவர் 'மெலிந்திருக்கிறது' என்பதும், அதே இயர்போனைச் சத்தமாகக் கேட்கிறவர் 'கனமாக இருக்கிறது' என்பதும் இரண்டுமே உண்மைதான். எனவே இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். அப்புறம் பேஸைக் கவனியுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நன்றாக ஒலிப்பதாகவே தோன்றும். அந்த மயக்கத்தில் காசைக் கொட்டியவர்கள் நிறைய.

மூன்றாவது, எங்கே கேட்கப் போகிறீர்கள்? ரயிலின் உறுமல் தாழ்ந்த சத்தம். தாழ்ந்த சத்தம் தாழ்ந்த சத்தத்தைத்தான் முதலில் விழுங்கும். வீட்டில் நிறைவாக இருந்த பேஸ் தாம்பரம் தாண்டியதும் பாதியாகிவிடும். இதற்குச் சத்தத்தைக் கூட்டுவது மருந்தில்லை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற எல்லை. ரயில் சத்தத்தை மிஞ்சுகிற அளவுக்குக் கூட்டினால் அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டிவிடுவோம். நல்ல அடைப்பும், ஆழத்தில் சில டெசிபல் கூடுதலுமே வழி.

எதைக் கேட்டுச் சோதிப்பது?

இந்த வேலைக்கு மிருதங்கத்தைப் போல ஒரு வாத்தியம் கிடைக்காது. வலந்தலையின் நடுவில் உள்ள கரணை என்கிற கறுப்பு வட்டம்தான் அதன் மேற்சுரங்களைச் சுருதியோடு ஒழுங்காகச் சேர வைக்கிறது. தோல் வாத்தியத்தில் அபூர்வமான இந்தக் குணத்தை சி.வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். தொப்பியில் நிரந்தரக் கரணை கிடையாது. வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனத்தால் தோல் தாழ்ந்து திறந்த குரலில் பேசும். ஒரே உடம்பில் ஒரு பக்கம் சுருதி சுத்தம், ஒரு பக்கம் ஆழம். இயர்போன் இரண்டையும் ஒருசேரக் காட்ட வேண்டும்.

ஒரு விளம்பகாலத் தனியாவர்த்தனத்தை, அதாவது மெதுவான கதியில் மிருதங்கம் தனியாக வாசிக்கிற பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியில் 'தொம்' விழுகிறது. நான் மூன்று இடத்தைக் கவனிக்கிறேன். முதலில், உள்ளங்கை தோலில் படுகிற அந்தக் கணம். அது பேஸே இல்லை, பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை போகிற ஒரு சின்ன உரசல். அது தனியாகவும் தொம் தனியாகவும் கேட்டால் இயர்போனில் இரண்டு டிரைவர்கள் (ஒலியை உண்டாக்கும் பாகங்கள்) ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, சுருதி. வித்வான் மணிக்கட்டைத் தோலில் அழுத்தித் தேய்த்துக் கும்கி கொடுக்கும்போது சுரம் வழுக்கி மேலேறுவது ஒவ்வொரு படியாகத் தெரிய வேண்டும். வீங்கிய பேஸில் எல்லாக் கும்கியும் ஒரே 'பூம்' ஆகிவிடும். மூன்றாவது, முடிவு. தொம்மின் வால் அடங்குவதற்குள் வலந்தலையில் ஒரு 'நம்' விழுந்தால் அதன் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, அதற்குப் பின்னால் தம்புரா அறுபடாமல் ஓடுகிறதா? இந்த மூன்றும் இருந்தால் அளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் நான் பொருட்படுத்த மாட்டேன்.

தம்புராவும் நல்ல ஆசிரியர். ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிற ஆண் பாடகரின் சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தரக் கம்பி அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். இங்கே ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. 65 ஹெர்ட்ஸை அறவே ஒலிக்காத சின்ன ஸ்பீக்கரிலும் அந்தக் கம்பியை நாம் 'கேட்போம்'. 131, 196, 262 என்று மேற்சுரங்கள் வரிசையாக வந்தால், விடுபட்ட அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே 'எனக்கு அந்தச் சுரம் கேட்டது' என்பது பேஸ் இருப்பதற்குச் சாட்சியாகாது. சுரத்தோடு அதன் உடம்பும், காற்று அசைவதைப் போன்ற அந்தக் கனமும் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பேஸ் கிதாரிலும் இதே கதை. அதன் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிதார் பல்லவிக்கு அடியில் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். அந்த மெட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு உங்களால் வாயால் பாடிக்காட்ட முடிந்தால் அந்த இயர்போனின் பேஸ் நல்ல பேஸ். 'டும் டும்' என்று மட்டுமே சொல்ல முடிந்தால் அது வெறும் அளவு.

பழைய கச்சேரி ஒலிப்பதிவுகள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல பழைய நாடாக்களில் அதன் ரீங்காரம் 50-லும் 100-லும் படிந்திருக்கும். ஆழ்ந்த பேஸை எழுப்பிக்காட்டுகிற இயர்போனில் பாட்டு தொடங்கும் முன்பே அந்த 'ம்ம்ம்' கேட்கும். அந்தப் பதிவுகளையே அதிகம் கேட்பவருக்கு ஆழம் குறைந்த இயர்போன்தான் நிம்மதி. புதிய சினிமாப் பாட்டு, எலக்ட்ரானிக் இசை கேட்பவருக்கு நேர் எதிர். அங்கே 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டுமென்றே ஒரு தளம் போட்டிருப்பார்கள். அது வராவிட்டால் பாட்டே பாதிதான்.

ஐந்து பேரும் நேருக்கு நேர்

நாங்கள் கேட்ட ஐந்தும் ஐந்து விதமான கட்டமைப்பு. வேண்டுமென்றேதான் அப்படித் தேர்ந்தெடுத்தேன்.

எடிமோட்டிக் ஈ.ஆர்.4 எக்ஸ்.ஆர். 2016-ல் 349 டாலருக்கு வந்தது. உள்ளே ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர். காது கேட்கும் கருவிகளுக்காகப் பிறந்த குட்டி டிரைவர் வகை அது. கூடவே வந்த எஸ்.ஆர்., எதையும் கூட்டாமல் குறைக்காமல் தருகிற ஸ்டூடியோ வகை. எக்ஸ்.ஆரில் பேஸ் மட்டும் சுமார் 3 டெசிபல் அதிகம். மூன்று அடுக்கு ரப்பரைக் காதுக்குள் ஆழமாகச் செலுத்த வேண்டும். செலுத்திவிட்டால் 35 டெசிபல் வரை வெளிச்சத்தம் அடைபடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பரங்கிமலையில் ரயில் நின்றதே தெரியவில்லை என்றான் பையன். கும்கி வழுக்குவதை ஐந்திலும் இதுதான் மிகத் தெளிவாகக் காட்டியது. தொப்பி அளவாக இருந்தது. எஸ்.ஆரில் மெலிந்திருந்த உடம்பு இதில் வந்துவிட்டது. ஆனால் காற்றைத் தள்ளுகிற அந்த உந்தல் குறைவு. தொம்மின் சுரம் முழுதாக வருகிறது, அடி வருவதில்லை. நடந்தால் வயர் சட்டையில் உரசும் சத்தமும் காதுக்குள் வருகிறது. வடிகட்டியில் காதுக் குறும்பி அடைத்தால் ஒரு பக்கம் மங்கிப்போகும், அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

அதே நிறுவனத்தின் ஈ.ஆர்.2 எக்ஸ்.ஆர். 2019-ல் வந்தது. அதே ஆழமான பொருத்தம், அதே மெல்லிய குழாய், உள்ளே மட்டும் ஆர்மேச்சருக்குப் பதில் டைனமிக் டிரைவர். என் வோட்டு இதற்குத்தான், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'ஆர்மேச்சர் வேகமானது, டைனமிக் மந்தமானது' என்று சொல்கிறார்களே, அதை இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகு என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. மந்தம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் 200, 300 ஹெர்ட்ஸில் உள்ள வீக்கத்தைத்தான். இதில் ஏற்றம் ஆழத்திலேயே நின்றுவிடுகிறது, குரல் பக்கம் வரவே இல்லை. தொப்பி வயிற்றில் இறங்குகிறது, வலந்தலை தன் இடத்தில் நிற்கிறது. உச்சத்தில் ஈ.ஆர்.4-ன் கடைசி இழை நுணுக்கம் கொஞ்சம் குறைகிறது. அதை நான் கொடுக்கத் தயார்.

ட்ரூத்இயர் ஹெக்ஸா கலப்பு வகை. ஒரு 10 மில்லிமீட்டர் டைனமிக், மூன்று ஆர்மேச்சர். வந்தபோது விலை சுமார் 80 டாலர். அந்த விலைக்கு இந்த அளவு பிரித்துக் காட்டுவது ஆச்சரியம்தான். பேஸ் அடக்கமாக, ஆழத்தில் மட்டும் கொஞ்சம் எழுந்து நிற்கிறது. 100, 150 பக்கம் மெலிந்திருப்பதால் தொம்முக்கு ஆழம் உண்டு, சதை குறைவு. கை படும் சத்தம் ஒரு முடி முன்னால் தனியாக நிற்பதாக எனக்குத் தோன்றியது. பையனுக்கு அப்படித் தோன்றவில்லை. குரலையே அதிகம் கேட்பவர்களுக்கு இது நல்ல பொருள்.

அதே நிறுவனத்தின் ஜீரோ ரெட், 2023, சுமார் 55 டாலர். இதில் ஆர்மேச்சரே கிடையாது. 10 மில்லிமீட்டரில் ஒன்றும் 7.8 மில்லிமீட்டரில் ஒன்றுமாக இரண்டு டைனமிக் டிரைவர். பெரியது பேஸைப் பார்த்துக்கொள்கிறது. ஏற்றம் ஆழத்தில் தொடங்கிக் குரலுக்கு வெகு முன்பே இறங்கிவிடுகிறது, நான் மேலே சொன்ன இலக்கணப்படியே. பெட்டியில் 10 ஓம் (மின் எதிர்ப்பின் அளவு) அடாப்டர் ஒன்று தருகிறார்கள். நடுவில் மாட்டினால் பேஸ் இன்னும் கூடும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். குறை என்னவென்றால் மூக்குக்குழாய் தடிமன். சின்னக் காது உள்ளவர்கள் வாங்கும் முன் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நுணுக்கத்தில் ஈ.ஆர்.4-க்கு ஒரு படி கீழேதான்.

செவன் ஹெர்ட்ஸ் டைம்லெஸ், 2021, சுமார் 220 டாலர், 14.2 மில்லிமீட்டர் பிளேனர். மெல்லிய படலம் முழுவதும் காந்தப்புலத்தில் ஒரே சீராக அசைகிற வகை. இதன் பேஸ் பார்த்தவுடன் பிடித்துப்போகும். அடி விழுந்த கணமே நின்றுவிடுகிறது. ஆனால் தொப்பியின் வால் கூட அதோடு நின்றுவிடுவதாக எனக்குப் பட்டது. நிஜ மிருதங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்கு அந்த வால்தான் உயிர். பையன் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டான். டிரம்ஸும் எலக்ட்ரானிக் இசையும் கேட்பவர்கள் என் குறையைப் புறக்கணிக்கலாம்.

இவற்றுக்கு மேலே பெரிய விலையில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம். 2013-ல் 999 டாலருக்கு வந்த ஷ்யூர் எஸ்.இ.846-ல் பத்து எஃகுத் தகடுகளை அடுக்கி ஒட்டி, அதற்குள் நீளமான காற்றுப்பாதை ஒன்றை வெட்டியிருந்தார்கள். பேஸ் டிரைவரின் சத்தம் குரல் பக்கம் ஏறிவராமல் தடுக்கத்தான் அத்தனை வேலையும். பேஸ் எங்கே முடிய வேண்டும் என்பதற்காக மட்டும் அவ்வளவு உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று 55 டாலர் பொருளிலும் கணிசமாகக் கிடைக்கிறது என்பதுதான் கடந்த சில வருடங்களின் நல்ல செய்தி.

பிளேயரையும் சேர்த்துக் கேளுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிளேயரின் வெளியீட்டில் சில ஓம் எதிர்ப்பு இருக்கும். அந்த எதிர்ப்பு அதிகமாக இருந்தால் இயர்போனின் குணமே மாறிவிடும். எடிமோட்டிக்கின் பழைய ஈ.ஆர்.4 பி-யில் 75 ஓம் அடாப்டரை மாட்டினால் அது ஈ.ஆர்.4 எஸ் ஆகிவிடும்: பேஸ் மெலியும், உச்சம் எழும். ஜீரோ ரெட்டில் 10 ஓமை மாட்டினால் பேஸ் ஏறுகிறது. ஒரே காரியம், நேரெதிர் பலன். எந்தச் சுரத்தில் இயர்போனின் சொந்த எதிர்ப்பு அதிகமோ அந்தச் சுரத்துக்கு மின்னழுத்தத்தின் பங்கு கூடுதலாகப் போய்ச் சேரும். ஈ.ஆர்.4 மாதிரி ஒற்றை ஆர்மேச்சரில் அது உச்சத்தில் அதிகம். ரெட்டில் ஆழத்தில் அதிகம். பிளேனரில் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் டைம்லெஸ்ஸுக்கு எந்தப் பிளேயரும் ஒன்றே. ஆகவே ஒருவர் 'மெலிவு' என்றும் இன்னொருவர் 'கனம்' என்றும் ஒரே இயர்போனைச் சொன்னால் அவர்களுடைய பிளேயர்களையும் விசாரியுங்கள். வெளியீடு 1 ஓமுக்கு அருகில் உள்ள பிளேயர் என்றால் இந்தக் கவலை இல்லை.

அலமாரியில் பழைய பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்தக் காலத்துப் பல கருவிகளில் வெளியீட்டுப் பாதையில் ஒரு கெபாசிட்டர் (தாழ்ந்த சுரங்களை மறிக்கிற மின்தேக்கி) இருக்கும். அது 100 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 16 ஓம் இயர்போனில் 100 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும், அதற்குக் கீழே இன்னும் சரியும். 45 ஓம் உள்ள ஈ.ஆர்.4-ஐ மாட்டினால் அந்தச் சரிவு 35 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். என்னிடம் இருந்த ஒரு பழைய பிளேயரில் இதே கோளாறு. இயர்போனைத் திட்டிக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டினேன்.

ஈக்வலைசரை (சுரங்களின் அளவைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற வசதி) தொடக்கூடாது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3, 4 டெசிபல் கூட்டுங்கள், அதே அளவு மொத்தச் சத்தத்தை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பலமான அடிகள் கிழியும். பையனின் முதல் இரவல் இயர்போன்கூட அடைப்பும் இந்த 3 டெசிபலும் சேர்ந்ததும் தேறிவிட்டது. ஆனால் பிளேயரில் ரெடிமேடாக இருக்கிற 'பேஸ் பூஸ்ட்' பட்டன்களில் பல 200 ஹெர்ட்ஸையும் தூக்கிவிடுகின்றன. அதை மட்டும் தவிர்க்கலாம்.

எது யாருக்கு?

வீட்டில், அமைதியான அறையில், பழைய கச்சேரிகளையும் குரலையும் அணுஅணுவாகக் கேட்பவர் ஈ.ஆர்.4 எக்ஸ்.ஆர். எடுக்கட்டும். நாடா ரீங்காரம் தொல்லை என்றால் அதன் எஸ்.ஆர். இன்னும் பொருத்தம். ரயிலிலும் பஸ்ஸிலும் மணிக்கணக்கில் கேட்பவர், ஆழமான பொருத்தத்தைத் தாங்கக்கூடியவர் என்றால் ஈ.ஆர்.2 எக்ஸ்.ஆரைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். அதைப் போட்டுக்கொண்டு ரோட்டையோ தண்டவாளத்தையோ மட்டும் கடக்க வேண்டாம், பின்னால் வருவது எதுவும் கேட்காது.

அக்கா மகனுக்கு அந்த மூன்றடுக்கு ரப்பர் ஒத்துவரவில்லை. அரை மணியில் காது வலிக்கிறது என்றான். அதில் கட்டாயப்படுத்த எதுவும் இல்லை. ஹெக்ஸாவா ஜீரோ ரெட்டா என்று நின்றபோது, குருவின் பாடம் ஒன்றைப் போட்டு இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டான். மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு மோரா, அதாவது முடிப்பு. குரு தொப்பியில் கும்கி கொடுத்துவிட்டு வாயால் சொல்கட்டை, அதாவது தாளச் சொற்களை, சொல்கிற இடம். ஹெக்ஸாவில் சொல்கட்டு தெளிவாக இருந்தது. ரெட்டில் சொல்கட்டும் தெரிந்தது, கும்கியை எவ்வளவு அழுத்தத்தில் தொடங்கி எங்கே விடுகிறார் என்பதும் தெரிந்தது. "எனக்கு இதுதான் வேணும் மாமா, இதைத்தான் நான் வாசிச்சுப் பழகணும்" என்றான்.

ரெட்டை வாங்கினான். வீட்டில் நேராக மாட்டுகிறான். ரயிலில் ஏறியதும் அந்த 10 ஓம் அடாப்டரைச் சேர்த்துக்கொள்கிறான், உறுமல் விழுங்குகிற ஆழத்தை அது திருப்பித் தந்துவிடுகிறது. இடது காதுக்கு நடுத்தர ரப்பர், வலதுக்குப் பெரியது.